பிள்ளையை விட்டுக்கொடுக்காத நீர்நாய்

காட்டாறு ஒன்று மலையிறங்கி வந்து மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு மடு இருந்தது. அந்த மடுவில் நீர்நாய்க் கூட்டம் ஒன்று குடியிருந்தது.

நீர்நாய்கள் மீன் பிடிக்கும் விதமே தனி. வில்லைப் போல வளைந்து வரிசை கட்டி, மீன்களைக் கரைப்பக்கமாக ஒதுக்கிக்கொண்டே வரும். ஆளுக்கு ஓர் இடம். அவரவர் இடத்தில் அவரவர் நின்றால் எல்லோருக்கும் சாப்பாடு. ஒருவர் நகர்ந்தாலும் போதும், அந்த ஓட்டை வழியே அத்தனை மீனும் போய்விடும்.

அன்றைக்கும் போய்விட்டது.

ஓட்டை விழுந்த இடம் சுழியனுடையது. சுழியன் எங்கே? அதோ, எதிர்க்கரையில். மீன்கொத்தி உதிர்த்த நீல இறகு ஒன்று தண்ணீரில் மிதந்து போயிற்றாம், இவனும் அதன் பின்னாலேயே போய்விட்டான். இறகைக் கவ்விக்கொண்டு சந்தோஷமாக நீந்தி வந்தான். கூட்டமே வெறும் வயிற்றோடு தன்னை முறைப்பதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு மீன் ஞாபகமே வந்தது.

குட்டியாக இருந்தால் தலையில் ஒரு தட்டு தட்டி விட்டுவிடலாம். சுழியன் குட்டியில்லை. அவனோடு பிறந்தவர்கள் எல்லாம் பிள்ளை குட்டி பெற்றுத் தனி வளை பார்த்துப் போயாயிற்று. இவன் மட்டும் இன்னும் அம்மா கெண்டையம்மாவின் வளையில்தான் படுத்துக் கிடந்தான்.

கூட்டத்துக்குத் தலைவர் பெரிய மீசை. கெண்டையம்மாவின் அண்ணன், சுழியனுக்குத் தாய்மாமன். அவர் சத்தம் போடவில்லை. தங்கையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கோடை வந்தாச்சு. தண்ணி வத்துது, மீனும் கொறஞ்சு போச்சு. இனிமே ஓட்டை விழுந்தா குட்டிகள் பட்டினிதான். இவன் வேணும்னு செய்யறானா, முடியாம செய்யறானான்னு எனக்குப் புரியல. முடியலன்னா சொல்லு, எல்லாருமா சேர்ந்து ஒரு வழி பார்ப்போம். வேணும்னு செய்யறான்னா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இவன் நம்ம கூட்டத்துல இல்ல."

கூட்டத்தை விட்டுப் போகும் நீர்நாய்க்குப் போக ஒரே இடம்தான் இருந்தது. கீழ்மடு. அங்கே ஒரு முதலை இருந்தது. தனியாக வரும் விருந்தாளி யாரையும் அது இதுவரை திருப்பி அனுப்பியதில்லை.

கெண்டையம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வசவுதான்.

அவள் வசவு அந்த மடுவில் பிரசித்தம். பொழுது விடிந்தால் போதும். "சிப்பியைத் திறப்பான், பாதி தின்பான், மீதியைப் போட்டுட்டு ஓடிடுவான். வளை தோண்டுடான்னா ஏகப்பட்ட வாசல் வெச்சிருக்கான், ஒண்ணுக்கும் உள்ளே கிடையாது. நான் ஒரு பேச்சு பேசி முடிக்கறதுக்குள்ள காது எங்கயோ போயிடும். குட்டியிலேர்ந்தே இப்படித்தான். எனக்குன்னு வந்து பொறந்திருக்கு பாரு!" தவளைகளுக்கு இது மனப்பாடம். ஒருநாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது, விட்ட இடத்திலிருந்து தவளைகளே சொல்லி முடித்தன.

அன்று வசவு முடிந்ததும் சுழியன் மெல்லச் சொன்னான்.

"நான் வேணும்னு செய்யலம்மா. நிக்கணும்னுதான் நிக்கறேன். அப்புறம் பார்த்தா வேற எங்கயோ இருக்கேன். எப்போ போனேன்னு எனக்கே தெரியல."

"எல்லாம் தெரியும் உனக்கு. படு, போ!" என்றாள் கெண்டையம்மா. ஆனால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

பக்கத்துப் பாறையில் ஓர் ஆமை இருந்தாள். பாவம், வசவு முழுவதையும் கேட்டே ஆகவேண்டிய தூரத்தில் அவள் வீடு. காலையில் அவள் தலையை நீட்டினாள்.

"கெண்டையக்கா, தப்பா நினைக்காதீங்க. தம்பியை ஒருதடவை வைத்தியம் பார்க்கற நாரையம்மாகிட்ட காட்டுங்களேன். மனசு நிக்காத கேஸெல்லாம் அவங்க பார்த்துச் சொல்லிடறாங்களாம்."

"என் பிள்ளைக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கெண்டையம்மா சீறினாள். "வெளியே தெரிஞ்சா எவ பொண்ணு கொடுப்பா?"

அதுவரை அவள் வாயாலேயே கேள்விப்பட்டதை வைத்துப் பார்த்தால் எவளும் கொடுக்கப் போவதில்லை. ஆமை அதைச் சொல்லவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஆனால் கீழ்மடு முதலையை நினைக்க நினைக்கக் கெண்டையம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. வெயில் ஏறியதும் மகனை இழுத்துக்கொண்டு நாணல் புதருக்குள் பதுங்கிப் பதுங்கிப் போனாள். எதிர்ப்பட்ட தவளைகளிடம், "சும்மா, நத்தை பொறுக்கப் போறோம்" என்றாள். தவளைகள் தலையாட்டின. அவர்கள் நாரையிடம் போய்ச் சேருவதற்குள் மடு முழுக்கச் சேதி போய்ச் சேர்ந்தது.

நாரை ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். விடியலில் நின்ற அதே இடம், அதே கால். கவனத்தைப் பற்றிப் பேச அவளைவிட்டால் அந்தக் காட்டில் ஆளில்லை. ஒரு சின்ன சங்கடமும் உண்டு. சுழியன் விட்ட ஓட்டை வழியே தப்பும் மீனில் பாதி நாரையின் வயிற்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அவன் சரியானால் அவளுக்குக் காலைச் சாப்பாடு போச்சு. ஆனாலும் நேர்மையானவள். தன் வயிற்றுக்காக ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. அதற்கு அவசியமும் வந்ததில்லை. வருகிறவர்களே மாற்றிச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

"தம்பி, உனக்கு என்ன கஷ்டம்? நீயே சொல்லு" என்றாள் நாரை.

"அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்ல, வைத்தியரம்மா" என்றாள் கெண்டையம்மா.

"வளர்ந்த பிள்ளை. அவனே சொல்லட்டும்."

சுழியன் சொன்னான். மீன் தப்பியதைச் சொன்னான், இறகைச் சொன்னான், பாதி சிப்பியைச் சொன்னான். நடுவில் ஒரு தட்டானைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் நின்றுபோனான். பிறகு, "எதுல விட்டேன்?" என்று கேட்டான். நாரை அவசரப்படவில்லை. அவள் பொறுமைக்கு என்ன குறைச்சல்?

"கடைசியா ஒண்ணு. குட்டியா இருந்தப்போ நீ எப்படி இருந்தே?"

"அது எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? அம்மாவைத்தான் கேக்கணும்."

நாரை இப்போது கெண்டையம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, இதுதான் முக்கியம். நடுவுல வந்த தடுமாற்றம்னா அதுக்கு வேற காரணம் இருக்கும். கூடவே பொறந்ததுன்னா குட்டியிலேயே தெரிஞ்சிருக்கும். அப்போ கூடவே இருந்து பார்த்தது நீங்க ஒருத்தர்தான். உள்ளதைச் சொல்லுங்க. குட்டியிலே ஒரு இடத்துல இருப்பானா?"

கெண்டையம்மா மீசையைத் துடைத்துக்கொண்டாள். முதுகை நிமிர்த்தினாள். இந்த ஒரு நொடிக்காகவே தினமும் தொண்டை கிழியப் பயிற்சி எடுத்தவள் போல அவள் கொட்டித் தீர்த்திருக்கலாம். ஆனால் எதிரே நிற்பது அன்னிய ஜாதிப் பறவை. அதன் முன்னால் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுப்பதா?

"தங்கம்" என்றாள். "வெச்ச இடத்துல இருப்பான்."

"எடுத்த காரியத்தைப் பாதியிலே விடுவானா?"

"மூச்! முடிச்சுட்டுத்தான் மறுவேலை."

"பேசினா காது கொடுப்பானா?"

"ஒரு சொல் ரெண்டு தடவை சொன்னதில்ல, வைத்தியரம்மா. ஊர்ல கேட்டுப் பாருங்க."

சுழியன் அம்மாவையே பார்த்தான். பிறந்ததிலிருந்து அவள் வாயால் அவன் கேட்ட முதல் பாராட்டு இது. "அப்படியாம்மா இருந்தேன்?" என்று கேட்டான். கெண்டையம்மா அவன் காலை மிதித்தாள்.

நாரை சொன்னாள்: "நீங்க சொல்றதை வெச்சுத்தான் நான் சொல்ல முடியும். குட்டியில இது இல்லன்னா, இப்போ இருக்கறது நான் நினைச்ச சங்கதி இல்ல. போயிட்டு வாங்க."

கெண்டையம்மா திரும்பும்போது நாணலுக்குள் பதுங்கவில்லை. நட்டநடு ஆற்றில் நீந்தி வந்தாள். "அண்ணே, காட்டியாச்சு. பிள்ளைக்கு ஒண்ணுமே இல்லையாம்!" என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள்.

பெரிய மீசையின் முகம் இறுகியது. "அப்போ வேணும்னுதான் செஞ்சிருக்கான்" என்றார்.

இந்தக் கணக்கைக் கெண்டையம்மா போட்டுப் பார்க்கவே இல்லை. வாயைத் திறந்தாள். ஆனால் இப்போதுதானே ஊர் கேட்கப் பெருமை பேசினோம் என்று மூடிக்கொண்டாள்.

மறுநாள் வேட்டை. சுழியன் தன் இடத்தில் நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். நிற்கணும், நிற்கணும் என்று சொல்லிக்கொண்டே நின்றான். மீன்கள் நெருங்கி வந்தன. அப்போது அவன் காலடிச் சேற்றிலிருந்து ஒரு நீர்க்குமிழி கிளம்பியது. அதன் பின்னால் இன்னொன்று. எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணம்தான் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது வரிசையில் ஓட்டை. கரையோரம் நாரை முழுங்கிக்கொண்டிருந்தாள்.

பசித்த குட்டி ஒன்று சிணுங்கியது.

"போ" என்றார் பெரிய மீசை.

"சரி மாமா" என்றான் சுழியன். அம்மாவிடம் வந்தான். "குட்டியில நல்லாத்தான் இருந்திருக்கேன், இல்லம்மா? நீயே சொன்னியே. நடுவுல நானாத்தான் கெட்டுப் போயிருக்கேன். உன்மேல தப்பில்ல."

சொல்லிவிட்டுக் கீழ்மடுப் பக்கமாக நீந்திப் போனான்.

அவன் அழுதிருந்தால் கெண்டையம்மா தாங்கியிருப்பாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். தன் பொய்யை அவன் நம்பிவிட்டான் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நல்ல வேளை, ஆற்று வளைவில் ஓர் அழகான நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. சுழியன் போகிற காரியத்தை மறந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். எந்தக் குணத்துக்காகத் துரத்தினார்களோ அந்தக் குணம்தான் அவனை அங்கே பிடித்து நிறுத்தியது.

கெண்டையம்மா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய் அவன் வாலைக் கவ்வினாள். பரபரவென்று இழுத்து வந்து நாரையின் காலடியில் போட்டாள். கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் சொன்னது அத்தனையும் பொய், வைத்தியரம்மா. இவன் குட்டியில ஒரு இடத்துல இருந்ததே இல்ல. நீந்தப் பழக்கும்போதே தட்டான் பின்னாடி போயிடுவான். ஒருதடவை பாம்புப் புத்துலேர்ந்து இழுத்துட்டு வந்தேன். தூங்கும்போது எழுந்து போயிடுவான்னு நாணல் கொடியால என் காலோட கட்டிப் போட்டுப் படுத்திருக்கேன். எடுத்ததை முடிச்சதில்ல, சொன்னது காதுல ஏறினதில்ல. அவன் திமிர் பிடிச்சவன் இல்ல. பாவம், அவனால முடியல. எனக்கு இது எப்பவோ தெரியும். உங்க முன்னாடி சொல்லத்தான் வெக்கமா இருந்தது."

நாணலுக்குள்ளிருந்து ஒரு தவளை தலை நீட்டியது. "இதெல்லாம் எங்களுக்குத் தெரியுமே!" என்றது. "தினம் நீங்க சொல்றதுதானே? வைத்தியரம்மாவுக்குச் சொல்லலையா?"

கெண்டையம்மா தலை குனிந்தாள்.

"இதுதான் நான் கேட்டது" என்றாள் நாரை. "இது கவனச்சிதறல். கூடப் பொறந்தது. சோம்பலும் இல்ல, திமிரும் இல்ல, வளர்ப்புக் குறையும் இல்ல. இப்போ வழி சொல்றேன், கேட்டுக்குங்க. இவனை வரிசையில நிக்க வெக்காதீங்க. நிக்கறதுதானே இவனால முடியல? பின்னாடி விடுங்க. இங்கயும் அங்கயுமா ஓடி, வாலால தண்ணியை அடிச்சு மீனை விரட்டட்டும். பக்கத்துல ஒருத்தர் இருந்து, மனசு விலகினா லேசாத் தொட்டுக் கூப்பிடுங்க. காலையில ஒரு கசப்பு வேர் தரேன், மென்னுட்டுப் போகட்டும். முழுசாப் போயிடும்னு நான் சொல்லமாட்டேன். சமாளிக்கலாம்."

பெரிய மீசை மருமகன் பக்கத்தில் போய் நின்றார். "முடியலன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமேடா" என்றார்.

"சொன்னேன் மாமா" என்றான் சுழியன். "அம்மா படுக்கச் சொல்லிட்டா."

அடுத்த வேட்டையில் சுழியன் பின்னால் ஓடினான். ஒருதடவை ஒரு சருகின் பின்னால் போகப் பார்த்தான். மாமன் வாலால் தொட்டார், திரும்பி வந்தான். வரிசையில் ஓட்டையே விழவில்லை. குட்டிகள் வயிறு முட்டத் தின்றன. நாரை அன்று வெறும் வயிற்றோடு நின்றாள். ஒரு நண்டு கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே, அதே காலில்.

மறுநாள் விடிந்ததும் தவளைகள் வழக்கம்போல வரிசையாக வந்து உட்கார்ந்தன. சுழியன் பாதி தின்று போட்ட சிப்பி ஒன்றைக் கெண்டையம்மா பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு, "சுழியா, இதை முடிச்சுட்டுப் போப்பா" என்று அவன் தோளைத் தொட்டாள். தவளைகளுக்குப் பெரிய ஏமாற்றம்.

பிள்ளையின் குறையை ஊரெல்லாம் கேட்கச் சொல்லித் திட்டிவிட்டு, தீர்க்கக்கூடியவரிடம் மட்டும் அதை மறைப்பது பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் இருப்பதல்ல, கைவிடுவதே ஆகும்.