ஜன்னலுக்குப் போகும் குழந்தைகள்

குலசேகரன் நகைக்கடைகளுக்கு விளக்கு போடுகிறவர். இருபத்தாறு வருடத் தொழில். அவர் போட்ட விளக்கின் கீழே பழைய சங்கிலிகூடப் புதிதாக மின்னும். ஆனாலும் ஒளியமைப்பை முறையாகப் படிக்க வேண்டும் என்று ஐம்பத்து மூன்றாம் வயதில் பாலிடெக்னிக்கின் மாலை வகுப்பில் சேர்ந்தார். அங்கே சொல்லிக்கொடுத்த ரூபி டீச்சருக்கு முப்பது வயதுதான் இருக்கும்.

ஒரு நாள் வகுப்பு முடிந்த பிறகும் அவர் எழுந்து போகவில்லை.

"ஒரு சந்தேகம் டீச்சர். ஒரு இடத்துக்கு வெளிச்சம் எவ்வளவு இருந்தாப் போதும்?"

"எந்த இடம் அண்ணாச்சி?"

"பிரசவ ஆஸ்பத்திரி. பிள்ளை பெத்தவங்க படுத்திருக்க வார்டு. போன மாசம் நான்தான் விளக்கு மாத்துனேன், நகைக்கடைக்குப் போடுத அதே விளக்கு. வெளிச்சம் அளக்குற மீட்டர் வச்சுப் பாத்தேன், எந்த மூலையிலயும் குறையல. ஆனா அங்க உள்ள நர்ஸம்மா பிள்ளையத் தூக்கிட்டுத் தூக்கிட்டு ஜன்னலுக்குப் போறாங்க. இன்னும் எவ்வளவு கூட்டணும்னு தெரியல."

ரூபி டீச்சர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். முழுவதும் அழித்து முடித்தார்.

"நாளைக்கு அங்க போவோம்," என்றார்.

மறுநாள் வார்டுக்குள் நுழைந்ததும் நர்ஸ் சண்முகவடிவு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"வாங்க, நகைக்கடைக்காரரே. பாத்தீங்களா, எங்க பிள்ளைங்கள்லாம் எட்டுப் பவுன், பத்துப் பவுனுன்னு ஜொலிக்குதுங்க."

குலசேகரன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். நர்ஸ் சிரிக்கவில்லை.

"பிறந்த பிள்ளைக்கு மஞ்சக்காமாலை வந்தா எனக்கு உடனே தெரியணும். நெத்தியில விரலை வச்சு அமுக்கி எடுப்பேன். அந்த இடம் வெளுத்து வந்தா நல்லது. மஞ்சளா வந்தா டாக்டரைக் கூப்பிடணும். உங்க விளக்குல எல்லாப் பிள்ளையும் மஞ்சள். அதான் ஜன்னலுக்கு ஓடுதேன்."

"மழை நாள்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

நர்ஸ் குரல் இறங்கியது.

"செவ்வாக்கிழமை பகலெல்லாம் இருட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் தள்ளித்தான் கண்டுபிடிச்சோம்."

பக்கத்து அறையில் நீல விளக்கின் கீழே, கண்ணைத் துணியால் கட்டி, அந்தப் பிள்ளையைப் படுக்க வைத்திருந்தார்கள். குலசேகரன் கதவோரம் நின்று பார்த்தார்.

"பிழைச்சுக்கும்லா?"

"டாக்டர் அப்படித்தான் சொல்லுதாரு."

அவர் மீட்டரை எடுத்தார். அதன் சின்னத் திரை பச்சையாக ஒளிர்ந்தது. எண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெளிச்சம் நிறைய இருக்கே டீச்சர்."

ரூபி டீச்சர் கைப்பையிலிருந்து இரண்டு நூல் துண்டுகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒண்ணு வெள்ளை. ஒண்ணு இளமஞ்சள். எது வெள்ளை?"

குலசேகரன் நூல்களை விளக்குக்கு நேராகப் பிடித்தார். இன்னும் உயர்த்திப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு கையை ஏந்தியபடி நடக்கத் தொடங்கினார்.

"எங்க போறீங்க அண்ணாச்சி?"

அவர் நின்றார். ஜன்னலுக்கு இரண்டடிதான் பாக்கி இருந்தது.

இப்போது நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சேலைக் கடையில எங்க வீட்டுக்காரி இப்படித்தான்," என்றார் குலசேகரன் மெதுவாக. "எடுத்த சேலையத் தெருவாசலுக்குக் கொண்டு போய்ப் பாப்பா. ஏன் இப்படி மானத்த வாங்குதன்னு திட்டுவேன்."

அன்றே அவர் விளக்குகளைக் கழற்ற ஆரம்பித்தார். புது விளக்கு வாங்கப் போன இடத்தில் மீட்டரை வெளியே எடுக்கவில்லை. ஒவ்வொரு விளக்கையும் எரியவிட்டு, அதன் கீழே இரண்டு நூலையும் நீட்டிப் பார்த்தார். கடைக்காரர், "அண்ணாச்சி விளக்கு வாங்க வந்தீங்களா, சட்டை தைக்க வந்தீங்களா?" என்று கேட்டார். பதினோராவது விளக்கில் வெள்ளை வெள்ளையாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் தெரிந்தன.

வார்டு முழுவதும் அதையே மாட்டினார். நர்ஸுக்கு ஜன்னல் பழகிய இடமாயிற்றே என்று, ஜன்னலுக்கு மேலேயும் தனியாக ஒன்று மாட்டி, அதற்குத் தனி ஸ்விட்ச் வைத்தார்.

அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் நல்ல மழை. சாயங்காலம் ரூபி டீச்சரைக் கூட்டிக்கொண்டு போனார். நீல விளக்கு அணைந்திருந்தது. பிள்ளை தேறி வீட்டுக்குப் போய்விட்டது என்றார்கள்.

சண்முகவடிவு கட்டில் கட்டிலாக வந்தார். முதல் பிள்ளையின் நெற்றியில் விரலை அமுக்கி எடுத்தார். அங்கேயே பார்த்தார். அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். மூன்றாவது பிள்ளையிடம் கொஞ்சம் நின்று, "இதை டாக்டர் இப்பவே பாக்கணும்," என்று ஆயாவை அனுப்பினார். எந்தப் பிள்ளையையும் தூக்கவில்லை.

குலசேகரன் நிம்மதியாக மூச்சு விட்டார்.

கடைசிக் கட்டிலில் இருந்தவள் பெயர் இசக்கியம்மாள். நர்ஸ் அவளுடைய பிள்ளையின் நெற்றியைப் பார்த்து, "நல்லா இருக்கு," என்றார். பிறகு பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு நேரே ஜன்னலுக்கு நடந்தார். இசக்கியம்மாளும் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள்.

குலசேகரனுக்கு முகம் செத்துவிட்டது.

"இன்னும் சரியாகலையாம்மா?"

"உங்க விளக்குக்கு ஒரு குறையும் இல்ல," என்றார் நர்ஸ். "இவ வீட்டுக்காரர் வெளிய நிக்காரு. உங்கள மாதிரி வேலைக்கு வர்றவங்க தவிர ஆம்பளைகளை இந்நேரம் உள்ள விடமாட்டாங்க. பிள்ளையக் காட்டப் போறேன்."

இசக்கியம்மாள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துப் பார்த்தாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கண்ணாடியில் அவள் முகம், பிள்ளை, நர்ஸின் வெள்ளைத் தொப்பி, பின்னால் கட்டில்கள், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"அவுக நிக்காகளாக்கா? எனக்கு என் மூஞ்சிதான் தெரியுது."

"வெளிய ஒரு விளக்கு போட்டிருதேன் டீச்சர்," என்றார் குலசேகரன் அவசரமாக. "நாளைக்கே போட்டிருதேன். எவ்வளவு போட்டாச் சரியா இருக்கும்?"

ரூபி டீச்சர் சுவரோரம் போய், ஜன்னலுக்கு மேலே இருந்த விளக்கையும் அந்தப் பக்கத்து மற்ற விளக்குகளையும் அணைத்தார்.

கண்ணாடியிலிருந்து கட்டில்கள் போயின. தொப்பி போனது. முகம் போனது. அங்கே, வேப்பமரத்தடியில், குடை பிடித்தபடி ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவன் குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினான்.

"நனையுதாகளே," என்றாள் இசக்கியம்மாள். சிரித்தாள்.

குலசேகரன் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பழக்கத்தில், கை பைக்குள் போனது.

"இது எவ்வளவு இருக்கும் டீச்சர்?"

"மீட்டரை எடுக்காதீங்க அண்ணாச்சி," என்றார் ரூபி டீச்சர். "அதோட வெளிச்சம் கண்ணாடியில விழும்."