ஹமீதாவின் பெட்டியில் தவமணியின் உளி

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிற யாரும் தன் சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு போனதாகச் சரித்திரம் இல்லை. பயணத் தேதி எப்படியோ தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்து நிற்பார்கள். அறந்தாங்கி ஹமீதா பீவி மகளின் பேறுகாலத்துக்குப் புறப்பட்டபோதும் அப்படித்தான் நடந்தது. எதிர்வீட்டு ஜெயக்கொடி, சிங்கப்பூரில் இருக்கும் தன் மகன் வீட்டுக்கென்று இரண்டு பட்டுப்புடவைகளும் பேத்திக்கு வெள்ளிக் கொலுசும் கொடுத்தார். அவற்றையும் சேர்த்து ஹமீதாவின் பெட்டி இருபத்திரண்டு கிலோ. ஒருவருக்கு அனுமதி முப்பது.

திருச்சி விமான நிலைய வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர் தவமணி. கோயில் கோபுரங்களில் சுதைப் பொம்மை செய்கிறவர். சிங்கப்பூர்க் கோயில் ஒன்றில் கும்பாபிஷேகத்துக்குள் பொம்மைகளுக்கு முகம் முடித்துக் கொடுக்கப் போகிறார். அவர் பெட்டி முப்பத்தேழு கிலோ காட்டியது. அதிகப்படியான ஏழு கிலோவும் ஒரு சாக்குத்துணி மூட்டை. கரணை, சுரண்டி, உளி என்று எல்லாம் அதில் இருந்தன. தவமணி இடக்கைக்காரர். கடையில் கிடைக்கும் கருவி அவர் கைக்கு ஆகாது என்று கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்கியவை.

"கூரான இரும்பு சார். கைப்பையில விடமாட்டாங்க. எக்ஸ்ட்ரா பணம் கட்டிடுங்க" என்றார் கவுண்ட்டரில் இருந்த பெண்.

தவமணி சட்டைப்பையில் இருந்ததை எண்ணிப் பார்த்தார், போதவில்லை. ஹமீதாவுக்குப் பொறுக்கவில்லை.

"இங்கிட்டு கொண்டா தம்பி. எம்பொட்டியில எடம் கெடக்கு. அங்க எறங்கி எடுத்துக்க."

ஓரமாகப் போய்ப் பெட்டியைத் திறந்து மூட்டையை வைத்தார்கள். தவமணி அதைக் கைப்பேசியில் படம் எடுத்துத் தன் மேஸ்திரிக்கு அனுப்பினார். பிறகு ஹமீதா அடுத்த கவுண்ட்டருக்குப் போனார். "பெட்டியில இருக்கறதெல்லாம் உங்களோடதுதானேம்மா?" என்று கேட்டார்கள். "ஆமா, எல்லாம் என்னுதுதான்" என்றார் அவர். அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை. பெட்டிக்கான சீட்டு ஹமீதாவின் பெயரில் ஒட்டப்பட்டது. இருவரும் ஒரே விமானத்தில் ஏறினார்கள்.

சிங்கப்பூரில் தவமணியின் பெட்டி வந்தது, ஹமீதாவின் பெட்டி வரவில்லை. அன்றே ஹமீதா தன் பெயரில் புகார் எழுதிக் கொடுத்தார். தவமணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தேடுவதற்கு விமான நிறுவனம் கேட்ட இருபத்தொரு நாளும் ஓடிப்போயின. பெட்டி தொலைந்ததுதான் என்று விமான நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இதற்குள் தவமணி கோயிலில் இரவல் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு துவாரபாலகருக்கு வாய் கோணிக்கொண்டது. சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி பூசினார், மறுபடியும் கோணியது. கோயில் குழுவினர் கை பிசைந்தார்கள். மாதக் கடைசிவரை பார்ப்போம், அதற்குள் கருவி வராவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வோம் என்றார்கள். ஊரில் கொல்லரோ முன்பணம் இல்லாமல் உலையை மூட்டமாட்டேன் என்றார். தவமணியின் பிழைப்பு, தொலைந்த பெட்டிக்கு விமான நிறுவனம் தரவேண்டிய இழப்பீட்டில் வந்து நின்றது.

அந்த இழப்பீட்டைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகப் பேசினார்கள்.

விமான நிறுவன அதிகாரி சொன்னார்: "சட்டத்துல ஒரு உச்சவரம்பு இருக்கும்மா. அதுக்கு மேல தர முடியாது. பெட்டி ஒண்ணு, பேரு ஒண்ணு, தொகையும் ஒண்ணுதான். எல்லாம் என்னுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" ஹமீதாவின் சாமானும் ஜெயக்கொடியின் சாமானும் சேர்ந்தே அந்த வரம்பைத் தொட்டுவிட்டன. கருவிக்கு அதில் இடமில்லை.

ஜெயக்கொடி அறந்தாங்கியிலிருந்து போனில் கத்தினார்: "நம்பித்தானே குடுத்தேன்? எம் பொருளுக்கு உள்ளதை மொதல்ல வாங்கி வை. இல்லாட்டி நானே அந்தக் கம்பெனிக்காரன்கிட்டக் கேட்டுக்கறேன்."

ஹமீதா சொன்னார்: "வர்ற காசு மூணு பேருக்கும் பொது. பங்கு போட்டுக்குவோம். தம்பி, மொதப் பங்கு ஒனக்கு. நீ பொழப்பைப் பாரு."

தவமணி தலையை ஆட்டினார். "வேணாங்கக்கா. எடம் குடுத்ததுக்கு ஒங்க காசுலயே நான் கை வைக்கவா?" மாதக் கடைசியில் வேறு சிற்பி வந்து சேர்ந்தார். தவமணி திருச்சிக்கு விமானம் ஏறினார். கேட்கிறவர்கள் அவரைப் பெருந்தன்மையான மனிதர் என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதிகாரி, ஜெயக்கொடி, ஹமீதா, தவமணி. வாசகரே, இந்த நால்வரில் யார் கணக்கு சரி? தவமணியின் கருவிக்கு யார் பதில் சொல்ல வேண்டும்?

விடை: நால்வர் கணக்கும் தப்பு. உச்சவரம்பு உண்டு என்றவரையில் அதிகாரி சொன்னது மெய்தான். ஆனால் சர்வதேச விமானப் பயண ஒப்பந்தம் அந்த வரம்பைப் பயணிக்கு இவ்வளவு என்றுதான் வைத்திருக்கிறது, பெட்டிக்கு இவ்வளவு என்று அல்ல. அதே விமானத்தில் வந்த இன்னொருவரின் பெட்டியில் தன் பொருள் இருந்ததை ஒரு பயணி நிரூபித்தால், தன் பங்குக்குத் தனியாகக் கேட்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எல்லா நாட்டையும் அது கட்டுப்படுத்தாது என்றாலும், தவமணி கேட்பதற்கு அது நல்ல பிடிமானம். மேஸ்திரிக்கு அனுப்பிய படமே சாட்சி. "எல்லாம் என்னுது" என்ற சொல்லால் நிரூபிக்கும் வேலை கூடும், உரிமை போய்விடாது. ஜெயக்கொடி விமானம் ஏறாதவர். அவர் ஹமீதாவிடம்தான் கேட்க முடியும், நிறுவனத்திடம் முடியாது. ஹமீதா பங்கு போடவே தேவையில்லை, அவர் தொகையில் தவமணியின் இழப்பு சேராது. தவமணி மறுத்தது ஹமீதாவின் பணத்தை. தனக்கென்று இருந்ததை அவர் கேட்கவே இல்லை. நிறுவனத்துக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. வழக்குப் போட, விமானம் வந்து இறங்கிய நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பதினோரு மாதம்தான் ஆகிறது. இப்போது மயிலாடுதுறைப் பக்கம் ஒரு வீட்டுக்குச் சுவர் பூசிக்கொண்டிருக்கிறார். யாராவது போய் அவரிடம் சொன்னால் தேவலை.