உறை கழன்ற பிறகு

“ஒரே ஒரு வார்த்தை, சாமி. ஒன்பது வருஷமா என்னைத் தின்னுது” என்றார் டாக்டர் செண்பகம்.

குரு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுகூட ஆகாதவர். மலைக்கு முதல்முறை வருகிறவர்கள் குரு எங்கே என்று அவரிடமே கேட்பதுண்டு. செண்பகத்துக்கு அறுபத்திரண்டு. மாதம் ஒருமுறை பஸ் பிடித்து வருவார். ஆய்வுக்கூடத்துப் பழக்கம், செருப்பை வாசலுக்கு நாலடி தள்ளியே கழற்றுவார்.

“யார் சொன்ன வார்த்தைம்மா?”

“என் நாத்தனார். வீட்டுக்காரர் காய்ச்சல்ல போனப்போ, எழவு வீட்டுல எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. ‘உன்னாலதான் என் தம்பி செத்தான்’னு.”

செண்பகம் வைரஸ் ஆராய்ச்சி செய்தவர். ஆய்வுக்கூடத்துக் கிருமியை அவர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று நாத்தனார் நினைத்துவிட்டார். அது வேறு காய்ச்சல். பரிசோதனை முடிவுகூட வந்தது. அழுகிற வீட்டில் அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

“அவங்க இப்போ எங்கே?”

“போன வருஷம் தவறிட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒருநாள், ‘அப்படியா சொன்னேன், ஞாபகமே இல்லையே’ன்னு அழுதாங்க. எனக்குத்தான் தினமும் கேக்குது.”

குரு ஒரு கொட்டையை ஒதுக்கினார்.

“இந்த வைரஸ் உள்ளே போயி என்னதான் பண்ணும்? சொல்லுங்க.”

செண்பகத்துக்கு எரிச்சல் வந்தது. துக்கத்தைச் சொல்ல வந்த இடத்தில் பாடம் எடுக்கச் சொன்னால் யாருக்குத்தான் வராது? ஆனாலும் முப்பது வருஷமாகச் சொன்ன பாடம். வாய் தானாகத் திறந்துகொண்டது.

“வெளிய கிடக்கும்போது அது வெறும் தூசி மாதிரி, சாமி. தானா பெருகத் தெரியாது. செல் மேல ஒட்டும். செல்லே அதை உள்ள இழுத்துக்கும்.”

“அப்புறம்?”

“மேல இருக்கிற உறை கழண்டுடும். உள்ள ஒரு குறிப்பு இருக்கும், ‘என்னை மாதிரி செய்’னு. செல் அதைத் தன்னோட குறிப்புன்னு நெனச்சுப் படிக்கும்.”

“செய்யறது யாரு?”

“செல்தான். சரக்கும் அதோடது, சக்தியும் அதோடது. உறைக்கு வேண்டிய துண்டுகளை ஒரு பக்கம் செய்யும். குறிப்பை நகல் எடுத்து இன்னொரு பக்கம் குவிக்கும். அப்புறம் துண்டெல்லாம் தானா கூடி, நூத்துக்கணக்குல புது வைரஸ் நிக்கும்.”

“அந்த நூத்துல, மொதல்ல வந்தது எது?”

“அது இருக்காது, சாமி. உறை கழண்டப்பவே கலைஞ்சு போச்சு. நடுவுல கொஞ்ச நேரம் செல்லுக்குள்ள எங்க தேடினாலும் ஒரு வைரஸ்கூட அகப்படாது. அதுக்கப்புறம் இருக்கிறதெல்லாம் செல்லே…”

செண்பகம் நிறுத்திவிட்டார்.

நாத்தனார் சொன்னது ஒரே ஒரு தடவைதான்; தினமும் சொல்லிக்கொண்டது அவரே. ஒன்பது வருஷமாக அவர் திட்டிக்கொண்டிருந்தது நாத்தனாரை.

குரு விடவில்லை.

“செஞ்சு முடிச்சதும்?”

“வெளிய போகும். பக்கத்து செல்லுக்கு.”

“உங்ககிட்ட இருந்து எதுவும் வெளிய போகலையே?”

“என் ஆய்வுக்கூடத்துல இருந்து ஒரு பஞ்சுகூட நீராவில வேகாம வெளிய போனதில்ல, சாமி. முப்பது வருஷம்.”

குரலில் பெருமை இருந்தது.

“நான் ஆய்வுக்கூடத்தைக் கேக்கலம்மா.”

செண்பகம் மெதுவாகச் சொன்னார்.

“என் பொண்ணுகிட்ட சொன்னேன். ‘நீ அன்னைக்கே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பார். உன்னாலதான் செத்தார்’னு. அஞ்சு வருஷமா அவ என்கூடப் பேசறதில்ல.”

“அவங்க வீட்டுல யார் யார் இருக்காங்க?”

“மாப்பிள்ளை. அப்புறம் அவ பொண்ணு, ஏழு வயசு…”

கை வாய்க்குப் போனது.

குரு எழுந்துபோய், வாசலுக்கு நாலடி தள்ளிக் கிடந்த செருப்பை, கீழே இறங்கும் படியைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.