மயிலாத்தாள் மறந்த பொறி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மேகமெல்லாம் ஆட்டுமந்தை மாதிரி இறங்கி வந்து வாசலில் படுத்துக் கிடந்த நாளில், குளிர்மலை ராஜ்யம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே வயல் உண்டு, தேன் உண்டு, வயிறு நிறையச் சோறும் உண்டு. எல்லாம் இருந்தும் அந்த ஜனங்களுக்கு ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. நல்ல விளையாட்டு இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

பனி விழ ஆரம்பித்ததும் காட்டில் உள்ள கீரிக்கும் நரிக்கும் நீர்நாய்க்கும் ரோமம் தடித்துப் பளபளவென்று ஆகிவிடும். அறுப்பு முடிந்து சும்மா இருக்கிற ஜனங்கள் இரும்புப் பொறியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். பிடிப்பது தின்பதற்கும் இல்லை, விற்பதற்கும் இல்லை. தோலை உரித்து வாசல் கதவில் தொங்கவிடுவார்கள். யார் வீட்டுக் கதவில் அழகான தோல் அதிகமோ, அவரை ராஜா தன் யானைமேல் ஏற்றி ஊரைச் சுற்றி வரச் செய்வார். அவ்வளவுதான். அந்த ஒரு சவாரிக்காகத்தான் இத்தனையும்.

அதிலும் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். பனி முடிகிற அன்றைக்கு எல்லோரும் தங்கள் பொறிகளை எடுத்து, வாயை மூடி, காட்டோரத்து எல்லைச்சாமி கல் முன்னால் கொண்டுவந்து போட வேண்டும். "என் பொறியெல்லாம் வாய் மூடியாச்சு சாமி" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் வீட்டுக்குப் போகலாம்.

அந்த ஊரிலேயே கெட்டிக்காரப் பொறிக்காரி யார் என்றால் மயிலாத்தாள்தான். இளவயசுக்காரி. கையில் நரிக்கொழுப்பைத் தடவி, மனுஷ வாசனையே இல்லாமல் பொறி வைப்பாள். ராஜாவின் யானை அவளைக் கண்டால் தானாகவே மண்டி போடும், அத்தனை தரம் ஏறியிருக்கிறாள். அவள் புருஷன் செங்கோடன். அவர்களுக்குப் போன பனி முடிகிற சமயத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அரும்பு என்று பேர்.

இப்போது மறுபடியும் பனி வந்தது. முதல் பனி விழுந்த காலையில் மயிலாத்தாள் அரும்பைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றினாள். பாதத்தைத் தேய்த்தபோது கையில் மெத்தென்று ஏதோ பட்டது. திருப்பிப் பார்த்தாள். உள்ளங்காலில் ரோமம். பொன் நிறத்தில், பூனைக்குட்டிக்கு இருப்பதுபோல.

துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. இழுத்துப் பார்த்தாள், பிள்ளை வீரிட்டு அழுதது.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க!"

செங்கோடன் வந்து பார்த்தான். "பிறந்த பிள்ளைக்குப் பூமுடி இருக்கும் புள்ளே. உதிர்ந்துரும்" என்றான். சொன்னவன் குரலே சரியாக இல்லை.

உதிரவில்லை. முதலில் பாதம், அப்புறம் கால், அப்புறம் முதுகு என்று ரோமம் ஏறிக்கொண்டே வந்தது. நகம் வளைந்து கூர்மையானது. பிள்ளை பால் குடிக்கும்போது மயிலாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு வலி பொறுத்தாள். வயிறு மட்டும்தான் இன்னும் மனுஷக் குழந்தையின் வயிறாக, வழவழவென்று இருந்தது.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம். தூளியில் பிள்ளை நல்ல தூக்கம். மயிலாத்தாள் ஆட்டிக்கொண்டிருந்தாள். தூளிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பிள்ளைக் குரல் இல்லை. வயசான, கரகரத்த, வலி பிடித்த குரல்.

"என் காலை விடு. என் காலை விடு. வயிறு மூடுறதுக்குள்ள வந்து என் காலை விடு."

மயிலாத்தாள் ஆட்டுவதை நிறுத்தினாள். எட்டிப் பார்த்தாள். பிள்ளை கண்ணை மூடித்தான் இருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"என் காலை விடு."

அப்போதுதான் அவளுக்குச் சுரீர் என்று நினைவு வந்தது. போன பனியில் நிறைமாசத்தோடு காட்டுக்குப் போனாள். புங்கமரத்து ஓடைப் பக்கம் கடைசிப் பொறியின் வாயைத் திறந்து, மேலே சருகை மூடும்போது இடுப்பில் வலி வெட்டியது. அப்படியே வீட்டுக்கு வந்து விழுந்தாள். பிள்ளை பிறந்தது. பனி முடிந்த அன்று செங்கோடன் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, "எல்லாப் பொறியும் எடுத்தாச்சா புள்ளே? உனக்காக நான் போய்ச் சாமிகிட்ட சொல்லிட்டு வரேன்" என்று கேட்டான். அவள் அரைமயக்கத்தில் தலையை ஆட்டிவிட்டாள். அவனும் போய் நல்லபடியாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

"ஏங்க, ஒண்ணு எடுக்கல. வாயைத் திறந்து வெச்சது அப்படியே கிடக்கு" என்றாள்.

செங்கோடன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "சாமி முன்னால நான் பொய் சொல்லிட்டேனே!"

விடியட்டும், போகலாம் என்று இருந்தார்கள். விடிந்ததும் கதவை யாரோ தட்டினார்கள். அடுத்த வீட்டுப் பாவாயி. அவளுக்கு மயிலாத்தாளின் யானைச் சவாரிமேல் எப்போதும் ஒரு காய்ச்சல்.

"என்ன மயிலா, பனி வந்தும் காட்டுப் பக்கம் காணோம்? ராஜாவோட யானை ஏங்கிப் போச்சாம்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தவள், தூளியிலிருந்து தொங்கிய பொன்நிறக் காலைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது. கண் விரிந்தது.

"ஆத்தாடி! இது மாதிரி ரோமம் அரண்மனையிலகூட இல்லையே! எங்கடி பிடிச்ச இதை?"

"அக்கா, அது என் பிள்ளைக்கா!"

"பிள்ளையா? பிள்ளைக்கு எங்கடி ரோமம் முளைக்கும்? உயிரோட பிடிச்சு ஒளிச்சு வெச்சுக்கிட்டு எனக்கே கதை விடறியா?" என்று பாவாயி தெருவுக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்துக்குள் வாசலில் கூட்டம். எல்லோர் கையிலும் வலையும் கோலும்.

"கதவைத் திற செங்கோடா! ஒரு தரம் பார்த்துட்டுப் போறோம்!"

பார்க்க வந்தவன் கையில் கோல் எதற்கு? செங்கோடன் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றான். "கொல்லைப் பக்கமா போ புள்ளே. உசிரு இருக்கிற வரைக்கும் இந்தக் கதவு திறக்காது" என்றான். மயிலாத்தாள் பிள்ளையைத் துணியில் சுற்றி மார்போடு கட்டி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொல்லை வழியாக ஓடினாள்.

காட்டுக்குள் பகல் வந்தும் வெளிச்சம் வரவில்லை. எங்கே பார்த்தாலும் வெள்ளைப் பனிமூட்டம். நீட்டிய கை தெரியாது. பறவைச் சத்தம் இல்லை, பூச்சிச் சத்தம் இல்லை. அவள் மூச்சு மட்டும்தான் அவளுக்குக் கேட்டது.

கொஞ்ச தூரம் போனதும் பாதையை மறித்து ஒரு கீரி நின்றது. கீரி என்றால் கீரியின் உருவம்தான். புகையால் செய்ததுபோல, மறுபக்கத்து மரம் தெரிந்தது. அது வெடவெடவென்று நடுங்கியது.

"குளிருதே, குளிருதே, என் சட்டை எங்கே?"

மயிலாத்தாள் நின்றாள். "என் வீட்டுக் கதவில தொங்குதப்பா" என்றாள்.

"பசிச்சு எடுத்தியா?"

"இல்ல."

"குளிருக்கு எடுத்தியா?"

"இல்ல. விளையாட்டுக்கு எடுத்தேன்" என்று சொல்லும்போது அவளுக்கே கூசியது. போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து அதன்மேல் போட்டாள். கீரி சுருண்டு படுத்துப் பனியோடு பனியாக மறைந்தது.

இன்னும் கொஞ்ச தூரம். ஒரு நரி நின்றது. "குளிருதே, குளிருதே, என் சட்டை எங்கே?" அவள் முந்தானையைக் கிழித்துப் போர்த்தினாள். அதுவும் மறைந்தது.

இன்னும் கொஞ்ச தூரம். ஓடைக்கரையில் ஒரு நீர்நாய் நின்றது. "குளிருதே, குளிருதே, என் சட்டை எங்கே?"

"ஐயா, என்கிட்ட இனி ஒண்ணும் இல்ல. பிள்ளையைச் சுத்தின துணிதான் இருக்கு."

"அதைக் கொடு. உன் பிள்ளைக்குத்தான் சட்டை முளைச்சிருச்சே" என்றது நீர்நாய்.

அந்த வார்த்தை அவள் நெஞ்சைக் குடைந்தது. துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது பிள்ளையின் வயிற்றைப் பார்த்தாள். ஓரமெல்லாம் ரோமம் வந்து, நடுவில் ஒரு உள்ளங்கை அளவுதான் மீதி இருந்தது.

ஓடினாள். புங்கமரம் தெரிந்தது. மரத்தடியில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு மரநாய் நின்றது. உடம்பெல்லாம் பொன் ரோமம். முன்னங்கால் ஒன்று பொறியின் வாய்க்குள். ஒரு வருஷமாகத் துருவேறிய இரும்பு எலும்போடு ஒட்டிப்போயிருந்தது. சாகிற மிருகமாக இருந்தால் எப்போதோ செத்திருக்கும். அது இந்தக் காட்டையே மந்திரத்தால் ஆள்கிற மரநாய். எல்லா மந்திரமும் தெரியும், இரும்பைத் திறக்கிற மந்திரம் மட்டும் தெரியாது.

"வா. என் குட்டியைக் கொண்டுவந்துட்டியா?" என்றது. தூளியில் கேட்ட அதே குரல்.

"இது என் குழந்தை."

"இன்னும் கொஞ்ச நேரம். வயிறு மூடினதும் எனக்குக் குட்டி." அதன் கண் பிள்ளையை விட்டு நகரவில்லை. "அன்னைக்கு என் குட்டிக்கு இரை தேடி வந்தேன். கால் மாட்டிக்கிச்சு. அது அந்தப் பொந்துல கிடந்து கத்துச்சு. பசிச்சுக் கத்துச்சு. எட்டுற தூரந்தான், எட்ட முடியல. ஒரு நாள் கத்தல் நின்னுபோச்சு. அன்னைக்கு நினைச்சேன், இந்தப் பொறி வெச்சவ பிள்ளை எனக்கு வேணும்னு."

மயிலாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு பொறியைப் பார்த்தாள். அவள் கை வைத்த பொறி. அதன் சங்கதி அவளுக்குத் தெரியும். இரண்டு பக்கத்து விசையையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் வாய் திறக்கும்.

பிள்ளையை எங்கே வைப்பது? கட்டியிருந்த துணியும் போய்விட்டது. கீழே பனி, கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. புரண்டு, அந்த உள்ளங்கை அளவு வெறும் வயிறு இந்தப் பனியில் பட்டால் பிள்ளை விறைத்துவிடும். திறக்காமல் நின்றாலோ பிள்ளை மிருகமாகிவிடும். திறந்தால் இந்த மரநாய் ஒரே கவ்வாகக் கவ்விக்கொண்டு போய்விடும்.

"என்ன பார்க்கிற? ஓடிரு. உன் ஜனங்க அப்படித்தானே ஓடுவாங்க" என்று மரநாய் உறுமியது.

மயிலாத்தாள் ஓடவில்லை. பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கி மரநாயின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"கொஞ்சம் பிடிச்சுக்கங்க அம்மா. எனக்கு ரெண்டு கையும் வேணும்."

மரநாய் அசையவில்லை. பல் தெரிந்தது. மூச்சு ஆவியாகப் பிள்ளைமேல் விழுந்தது. "என்கிட்டயா கொடுக்கிற?"

"வேற யார்கிட்ட கொடுப்பேன்? இந்தக் காட்டுல பிள்ளையைத் தூக்கத் தெரிஞ்சவ நீங்க ஒருத்திதான்."

மரநாய் பிள்ளையை முகர்ந்து பார்த்தது. பிறகு மெதுவாக வாயைத் திறந்து, பிள்ளையின் பிடரியைக் கவ்வியது. மயிலாத்தாள் கையை எடுத்தாள். எடுக்கும்போது உயிரையே விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

மண்டி போட்டு விசையை அமுக்கினாள். துரு பிடித்த இரும்பு அசையவில்லை. மறுபடி அமுக்கினாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. மூன்றாந்தரம் தன் முழு எடையையும் போட்டு, "அம்மா!" என்று கத்திக்கொண்டு அமுக்கினாள். க்ரீச் என்று பொறி வாயைத் திறந்தது.

கால் வெளியே வந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தபோது மரநாய் திரும்பிவிட்டது. பிள்ளையைக் கவ்விக்கொண்டு நொண்டி நொண்டிப் பனிக்குள் போனது. வாலும் மறைந்தது. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், கால் தூக்கவில்லை. எங்கும் வெள்ளை. ஒரு சத்தம் இல்லை.

அப்புறம் பனிக்குள்ளிருந்து பிள்ளை அழுதது. பசிக்கிற அழுகை.

அழுகை நின்றது. மயிலாத்தாளின் உயிரும் நின்றது. பிறகு சளக், சளக் என்று ஒரு சத்தம். நக்குகிற சத்தம். அவள் தவழ்ந்தே போனாள்.

பொந்து வாசலில் மரநாய் பிள்ளையைத் தன் காலிடுக்கில் கிடத்தி நக்கிக்கொண்டிருந்தது. நாக்கு பட்ட இடமெல்லாம் ரோமம் உதிர்ந்தது. முதுகில் நக்கியது, முதுகு வெளுத்தது. காலில் நக்கியது, கால் வெளுத்தது. பாதத்தில் நக்கியது, அரும்பு கிச்சுகிச்சு தாங்காமல் கெக்கெக்கே என்று சிரித்தாள்.

"என்கிட்ட பால் வத்திப்போச்சு" என்றது மரநாய். "அழுற பிள்ளைக்குக் கொடுக்க ஒண்ணும் இல்லாம நிக்கிறதை நான் ஒரு தரம் பட்டாச்சு. இன்னொரு தரம் முடியாது. எடுத்துக்க."

மயிலாத்தாள் பிள்ளையை வாரி எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள். வலிக்காமல் பால் குடித்தது பிள்ளை.

கீழே உதிர்ந்த பொன் ரோமமெல்லாம் ஒரு குவியலாகக் கிடந்தது. மரநாய் அதை முகர்ந்தது. அதன் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. குவியல் அசைந்தது. உருண்டது. காது முளைத்தது, வால் முளைத்தது. கண்ணைத் திறந்து, "மியா" என்று தாயின் வயிற்றைத் தேடி முட்டியது. இந்த மந்திரம் அந்த மரநாய்க்கே இதுவரை தெரியாது. அது பயந்துபோய் ஒரு அடி பின்னால் நகர்ந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அப்புறம் குட்டியைக் கவ்விக்கொண்டு பொந்துக்குள் போனது. திரும்பிப் பார்க்கவில்லை.

மயிலாத்தாள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் கூட்டம் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. கதவில் தொங்கிய தோல்கள் எல்லாம் அவர்கள் கண்ணெதிரே எழுந்து, உதறிக்கொண்டு, காட்டைப் பார்த்து ஓடிவிட்டனவாம். எல்லா வீட்டுக் கதவிலும் அப்படித்தானாம். செங்கோடன் கதவைத் திறந்து பிள்ளையைப் பார்த்தான், காலைப் பார்த்தான், உள்ளங்காலில் முகத்தைப் புதைத்து அழுதான்.

பாவாயி மட்டும், "எங்கே, காட்டு பார்க்கலாம் மயிலா, நிஜமாவே பிள்ளைதானா?" என்று கிட்டே வந்தாள். பார்த்ததும் கையிலிருந்த வலை நழுவி விழுந்தது. அவள் அதை எடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து குளிர்மலை ராஜ்யத்தில் எந்தப் பொறியும் வாய் திறக்கவில்லை. எண்ணெய் விட்டார்கள், திறக்கவில்லை. ராஜாவின் கொல்லன் சுத்தியால் அடித்தான், திறக்கவில்லை. கடைசியில் அவ்வளவையும் உருக்கி ஏர்க்கொழு அடித்துக்கொண்டார்கள். யானைக்குத்தான் நிம்மதி.

பனி விழுந்த காலைகளில் அரும்பைத் தூக்கிக்கொண்டு மயிலாத்தாள் காட்டோரம் வரைக்கும் போவாள். வெள்ளைத் தரையில் காலடித் தடம் இருக்கும். பெரிசு ஒன்று, நொண்டி நொண்டி நடந்தது. பக்கத்திலேயே சின்னது ஒன்று, குதித்துக் குதித்து ஓடினது.

தாயும் பிள்ளையும் அங்கே சுகம், தாயும் பிள்ளையும் இங்கே சுகம். கதை கேட்ட செல்லங்கள் எல்லாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்குங்கள்.