வாத்தியார் காலி செய்த தீப்பெட்டி

"சாமி, நான் கிளம்புறேன். பத்து மணி பஸ்ஸுக்கு" என்றார் நீலமேகம்.

கல்லூரியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். சோற்றுக்கஞ்சியில் சாணிக் கிருமிகளை விட்டுப் புளிக்கவைத்து, அதில் வரும் ஹைட்ரஜனில் மடத்து அடுப்பை எரிப்பேன், அதற்குப் பிறகுதான் காவி கட்டுவேன் என்று சபதம் போட்டு வந்தவர். மூன்று வருடம் ஆயிற்று. தாடிதான் வளர்ந்தது.

குரு அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். முற்றத்தில் அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு வாத்தியாரே?"

"முதல் வருஷம் கேஸே வரல."

"மணிக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்தீங்க. அந்தக் கிருமிக்குக் காத்து ஆகாது."

"ரெண்டாவது வருஷம் வந்துச்சு. நீலமா, அழகா எரிஞ்சுது. அது மீத்தேன்னு சொல்லிட்டீங்க."

"ஹைட்ரஜனைத் தின்னு மீத்தேனாக்குற கிருமியும் அதே சாணியிலதானே இருந்துச்சு."

"சாணியைக் காய்ச்சுங்க, தின்னுறது சாகும், தர்றது பிழைக்கும்னீங்க. காய்ச்சினேன். சமையல்கார அம்மா என்னோட பேசி எட்டு மாசம் ஆச்சு."

"எதுல காய்ச்சினீங்க?"

"பொங்கல் பானையில."

குரு ஓர் அப்பளத்தைத் திருப்பிப் போட்டார்.

"சரி. இப்ப கேஸ் வருதா?"

"வருது. அதோ, அடுப்புல உஸ்ஸுங்குது. பத்தத்தான் மாட்டேங்குது. காலையிலேருந்து ஒரு தீப்பெட்டி காலி. குச்சிதான் எரியுது. குச்சியை எடுத்தா ஒண்ணுமே இல்ல."

மனிதர் உண்மையிலேயே நொந்துபோயிருந்தார்.

"இதுக்கு மேல எனக்குத் தெம்பில்ல சாமி."

குரு ஓர் அப்பளத்தை இடுக்கியில் பிடித்துக்கொண்டு முற்றத்து மூலையில் இருந்த அடுப்பருகே போனார். வெயில் சுள்ளென்று அடித்தது. அடுப்பின் மேல் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் அப்பளத்தைக் காட்டினார்.

அப்பளம் பொரிந்தது. சிவந்தது. ஓரம் கருகியது.

இரண்டாக உடைத்து ஒரு பாதியை நீலமேகத்திடம் நீட்டினார்.

வாசலில் பத்து மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"வாத்தியாரே, ஹைட்ரஜன் எரிஞ்சா எப்படி இருக்கும்னு பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கீங்களா?"

நீலமேகம் அப்பளத்தை மென்று விழுங்கினார்.

"வெயில்ல கண்ணுக்கே தெரியாது. ரெண்டு மார்க் கேள்வி, சாமி."