சந்தை நாள் விருந்தாளி

ஒரு காட்டில், ஆற்றங்கரைப் புற்றுமேட்டுக்குப் பக்கத்தில், வளை தோண்டிக் குடியிருந்தாள் ஒரு முள்ளம்பன்றி. பெயர் சிலம்பாயி. அவள் நடந்தால் முட்கள் சலசலவென்று சத்தம் போடும். அதனால் அந்தப் பெயர். அவளுக்கு ஒரே மகன், கூரன்.

கூரன் நல்ல பிள்ளை. ஆனால், குழந்தைகளே, முதுகு நிறைய முள் வைத்திருக்கிறவனோடு யார் விளையாட வருவார்கள்? முயல்குட்டி அவனைக் கண்டதும் புதருக்குள் ஓடும். கீரிக்குட்டி எட்ட நின்று பேசும். மந்திக்குட்டி மரத்தின் மேலிருந்து நாக்கை நீட்டிவிட்டுப் போய்விடும். பயப்படாதபோது முட்கள் முதுகோடு படிந்துதான் இருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு ஒருவரும் கிட்டே வந்ததில்லை.

"அம்மா, என்னோட விளையாட யாருமே வரமாட்டாங்களா?" என்று ஒரு நாள் கேட்டான் கூரன்.

சிலம்பாயிக்கு மனசு தாங்கவில்லை. "வராம என்ன? நான் வரவைக்கிறேன் பாரு" என்றாள்.

அந்தக் காட்டின் அடிவாரத்தில் ஓர் ஊர் இருந்தது. அங்கே வாரம் ஒரு முறை சந்தை கூடும். அன்று ஊர்க்காரர்கள் எல்லாரும் சந்தையில்தான் இருப்பார்கள். விறகு பொறுக்கவோ தேன் எடுக்கவோ ஒருவரும் காட்டுக்குள் வரமாட்டார்கள். பயமில்லாமல் பிள்ளைகளை வெளியே அனுப்பக்கூடிய நாள் அது ஒன்றுதான். சிலம்பாயி அந்த நாளைத்தான் தேர்ந்தெடுத்தாள். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

"சந்தை நாள்ல பிள்ளைங்கள எங்க வீட்டுக்கு அனுப்புங்க. மண்ணு பிசையலாம், இலை தைக்கலாம், விளையாடலாம். சாப்பாடும் போட்டு அனுப்புறேன். முள்ளுக்குப் பயப்பட வேண்டாம். என் மகனை நான் பார்த்துக்கிறேன்."

சாப்பாடு என்ற சொல் காதில் விழுந்ததும் முதல் ஆளாக வந்து நின்றது மந்திக்குட்டி. முயல்குட்டி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டே வந்தது. கீரிக்குட்டி வாசலை மூன்று முறை மோந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தது. ஆமைக்குட்டி முந்தின நாளே கிளம்பிவிட்டதாம். ஆனாலும் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது.

அன்று புற்றுமண்ணைக் குழைத்துப் பொம்மை செய்தார்கள். உதிர்ந்த முள்ளை ஊசியாக வைத்துத் தேக்கிலையில் தொப்பி தைத்தார்கள். குன்றிமணியைப் பொறுக்கிப் பொம்மைகளுக்குக் கண் வைத்தார்கள். வெயில் தாழ்ந்ததும் கண்ணாமூச்சி ஆடினார்கள். வளைக்கு முன்னால் ஒரு தட்டைப் பாறை இருந்தது. பிள்ளைகள் செய்ததையெல்லாம் சிலம்பாயி அதன்மேல் வரிசையாக அடுக்கி வைத்தாள். அழைத்துப் போக வந்த அம்மாக்கள் பார்த்துப் பூரித்துப் போனார்கள்.

"உங்களை மாதிரி யாரால முடியும் அக்கா!" என்றாள் தாய்மந்தி.

"என் பிள்ளை வீட்டுக்கே வரமாட்டேங்குது!" என்றாள் தாய்முயல்.

புகழ்ச்சி இருக்கிறதே, அது மெதுவாகத்தான் தலைக்கு ஏறும். ஏறிய பிறகு இறங்குவது கடினம். அடுத்தடுத்த வாரங்களில் சிலம்பாயிக்கு ஒரே கவலைதான் இருந்தது: வந்த பிள்ளை எதுவும் முகம் வாடிப் போகக்கூடாது.

அதற்கு என்ன செய்வது? கைக்குக் கிடைத்த ஆள் கூரன்.

"கூரா, ஆத்துல இருந்து தண்ணி கொண்டா!"

"கூரா, மண்ணு தீந்துபோச்சு பாரு!"

"கூரா, ஊசி பத்தல. ரெண்டு முள்ளு பிடுங்கிக் குடு!"

கூரன் சுரைக்குடுவையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடுவான். திரும்பி வந்து மண்ணைத் தொடப் போனால், மண் முழுவதும் பங்கு போட்டு முடிந்திருக்கும்.

"எனக்கும்மா?"

"வந்தவங்களுக்கு முதல்ல. நீ வீட்டுப் பிள்ளைதானே, நாளைக்குக்கூடச் செய்யலாம்."

சாப்பிட இலை போட்டால் அவன்தான் பரிமாற வேண்டும். கடைசியில் அத்திப்பழம் மிஞ்சினால் அவனுக்கு. மிஞ்சாவிட்டால் அதுவும் இல்லை. கண்ணாமூச்சியில் எப்போதும் அவன்தான் தேடுகிறவன். ஒரு தடவையாவது தானும் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கேட்டுப் பார்த்தான்.

"ஒளியுற இடத்துல நெருக்கமா இருக்கணும்டா. உன் முள்ளு யாரையாவது குத்திட்டா அடுத்த வாரம் ஒருத்தரும் வரமாட்டாங்க. நீ வீட்டுப் பிள்ளைதானே, பொறுத்துக்கோ" என்றாள் சிலம்பாயி.

கூரன் பொறுத்துக்கொண்டான். ஆனால் சந்தை நாள் அல்லாத நாட்களில், புற்றுக்குப் பின்னால் உட்கார்ந்து தனியாக ஒரு யானை செய்தான். தும்பிக்கை ஒடிந்து ஒடிந்து விழுந்தது. மறுபடி மறுபடி ஒட்டினான். தன் முள்ளின் நுனியை ஒடித்துத் தந்தம் வைத்தான். குன்றிமணிக் கண்ணும் வைத்தான். யானை நன்றாகவே வந்துவிட்டது. அடுத்த சந்தை நாள் காலையில், யாரும் வருமுன்னே அதைத் தட்டைப் பாறையின் நடுவில் கொண்டுபோய் வைத்தான். இன்றைக்கு எல்லாரும் பார்ப்பார்கள், யார் செய்தது என்று கேட்பார்கள் என்று காத்திருந்தான்.

மந்திக்குட்டி வந்ததும் வராததுமாக அதைத் தூக்கிக்கொண்டது.

"இது எனக்கு வேணும்!"

"அது என்னோடது!" என்றான் கூரன்.

மந்திக்குட்டி வாயைக் கோணிக்கொண்டு அழத் தயாரானது. சிலம்பாயி ஓடி வந்தாள்.

"ஐயோ, அழாதே கண்ணு. நீயே வெச்சுக்கோ. கூரா, ஒரு மண்ணு பொம்மைக்கா இந்தப் பாடு? போய்த் தண்ணி கொண்டா, போ."

அன்று கூரன் தண்ணீர் கொண்டு வந்தான். மண் கொண்டு வந்தான். ஊசியும் பிடுங்கிக் கொடுத்தான்.

அடுத்த சந்தை நாள் விடிந்தது. சிலம்பாயி எழுந்து பார்த்தால் கூரன் படுத்த இடம் காலி.

"வேலை தலைக்கு மேல கிடக்கு, எங்க போய்த் தொலைஞ்சான் இவன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே தானே வாசலைப் பெருக்கினாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களோடு ஒரு புதுப் பிள்ளையும் வந்தது. உடம்பு முழுக்கச் செம்மண் அப்பியிருந்தது. அதன்மேல் சருகுகள் ஒட்டியிருந்தன. தலையில் மூக்கு வரை இழுத்துவிட்ட தேக்கிலைத் தொப்பி. அப்படி ஒரு பிராணியை அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை.

"நீ யார் வீட்டுப் பிள்ளை கண்ணு?" என்று கேட்டாள் சிலம்பாயி.

"ஆத்துக்கு அந்தப் பக்கம்" என்றது அது, மூக்கால் பேசி.

சிலம்பாயிக்குத் தலைகால் புரியவில்லை. ஆற்றுக்கு அப்பால் வரைக்கும் தன் பேர் போயிருக்கிறதே!

பெற்ற தாய்க்கு அடையாளம் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் அவள் மகனைத் தேடிக்கொண்டிருந்தது தண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்தில். விருந்தாளிகள் உட்காரும் இடத்தில் அவனைத் தேட அவளுக்குத் தோன்றவில்லை.

புதுப் பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைத்தாள். கல் இல்லாத நல்ல மண்ணாகப் பார்த்து முதல் உருண்டையை அதற்குக் கொடுத்தாள். அது கிடுகிடுவென்று ஒரு யானை செய்யத் தொடங்கியது. கைவேலையைப் பார்த்துச் சிலம்பாயி வியந்து போனாள்.

"என்ன நேர்த்தி! உங்க அம்மா கொடுத்து வெச்சவ."

புதுப் பிள்ளையின் கை ஒரு நொடி நின்றது. பிறகு அது கேட்டது.

"உங்க வீட்டுல பிள்ளை இல்லையா?"

"ஒருத்தன் இருக்கான். வேலைன்னதும் எங்கேயோ ஓடிட்டான்."

"அவன் மண்ணுல என்ன செய்வான்?"

"அவனா?" என்று வாயெடுத்தாள் சிலம்பாயி. சட்டென்று எதுவும் நினைவுக்கு வரவில்லை. "அவன் தண்ணி கொண்டு வருவான்" என்றாள்.

"அவனுக்கு எந்த விளையாட்டு பிடிக்கும்?"

சிலம்பாயி யோசித்தாள். அதற்கும் பதில் தெரியவில்லை. அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்குள் முயல்குட்டி நூல் கேட்டது, ஆமைக்குட்டி தொப்பி கேட்டது. அவள் எழுந்து போய்விட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் பெரிய அத்திப்பழம் புதுப் பிள்ளையின் இலையில் விழுந்தது. அது கண்ணை மூடிக்கொண்டு மெல்ல மெல்லத் தின்றது. கண்ணாமூச்சியில் அதையும் ஒளிந்துகொள்ளச் சொன்னார்கள். மருத மரப் பொந்துக்குள் கீரிக்குட்டியோடு ஒட்டிக்கொண்டு ஒளிந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டன. அன்று தேடுகிறவன் மந்திக்குட்டி. அதற்கு அந்தப் பொந்தை எட்டிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

ஆட்டம் முடிந்து எல்லாரும் களைத்து வந்து உட்கார்ந்தார்கள். "தாகமா இருக்கு அத்தை!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். சிலம்பாயி குடுவையைச் சாய்த்துப் பார்த்தாள். காலி. பழக்கம் யாரை விட்டது? திரும்பிக்கூடப் பார்க்காமல் குரல் கொடுத்தாள்.

"கூரா, தண்ணி!"

"இதோம்மா!"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த விருந்தாளி துள்ளி எழுந்து நின்றது.

எழுந்த வேகத்தில், வெயிலில் காய்ந்திருந்த செம்மண் பாளம் பாளமாக உதிர்ந்தது. தொப்பி நழுவியது. முதுகில் முட்கள் தெரிந்தன.

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

"இது நம்ம கூரன்!" என்று கத்தியது கீரிக்குட்டி. "இவ்வளவு நேரம் இவன்கூடத்தான் பொந்துல ஒட்டிக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒரு முள்ளுகூடக் குத்தலையே!"

சிலம்பாயி குடுவையும் கையுமாக அப்படியே நின்றாள். கூரன் அடி விழும் என்று நினைத்தான். இருந்தாலும் கேட்டுவிட்டான்.

"அம்மா, பொழுது சாயுற வரைக்கும் நான் விருந்தாளியாவே இருந்துக்கட்டுமா? நாளையில இருந்து தண்ணி கொண்டு வர்றேன்."

சிலம்பாயி குடுவையைத் தூக்கிக்கொண்டு தானே ஆற்றுக்கு நடந்தாள். போகிற வழியெல்லாம் அழுதாள். யாருக்காக இந்த நாளைத் தொடங்கினோம் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஆற்றில் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினாள். கூரனுக்கும் ஊற்றினாள்.

"நீ விருந்தாளியா இருக்க வேண்டாம்டா. என் பிள்ளையாவே உட்காரு" என்றாள்.

பிறகு மற்றப் பிள்ளைகளைப் பார்த்து, "அடுத்த வாரத்துல இருந்து தண்ணி, மண்ணு எல்லாம் முறை வெச்சுத்தான். முதல் முறை மந்திக்குட்டிக்கு" என்றாள்.

"நானா? நான் விருந்தாளியாச்சே!" என்றது மந்திக்குட்டி.

"இங்க வந்தா எல்லாரும் வீட்டுப் பிள்ளைதான். கண்ணாமூச்சியில தேடுறதும் முறைதான்."

மந்திக்குட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. அடுத்த வாரம் வரமாட்டேன் என்றுகூடச் சொன்னது. அதனால் என்ன? அது அத்திப்பழத்தை விட்டுவிட்டு எங்கே போகப்போகிறது!

சாயங்காலம் அம்மாக்கள் வந்தார்கள். தட்டைப் பாறையின் நடுவில், செம்மண் நிறத்தில், முள் தந்தத்தோடு ஒரு யானை நின்றது.

"அடேயப்பா, இதை யாரு செஞ்சது?" என்று கேட்டாள் தாய்முயல்.

சிலம்பாயி கூரனை இழுத்துத் தன் முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

"என் மகன் செஞ்சான்."

நீதி: ஊர்ப் பிள்ளைகளுக்கு விரித்த பந்தியில் நம் பிள்ளைக்கும் ஓர் இலை இருக்க வேண்டும், பொறுத்துப் போகிற பிள்ளைக்கும் பசி உண்டு.