பக்கத்து வயல் மணமகள்

இந்தக் கதையைப் பல வருடங்கள் நான் நம்பவில்லை. ஜாவாவில் வேலை பார்த்த காலத்தில் துகிமின் என்ற விவசாயி சொன்னது. நன்றியைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அது என் குறையாகவும் இருக்கலாம்.

அவர் ஊரில் அறுவடைக்கு முன் நன்றியாக நெல்லுக்குக் கல்யாணம் செய்வார்கள். இரண்டு கதிர்களை அறுத்து, மணமக்களாகச் சேர்த்துக் கட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அந்த மணிகள் அடுத்த விதைப்பில் கலக்கும். நெல் பயந்துவிடக் கூடாது என்று கத்தியை உள்ளங்கைக்குள் மறைத்துத்தான் அறுப்பார்கள். பிறகு வரப்பிலேயே எல்லோருக்கும் சாப்பாடு.

சடங்கை நடத்துகிறவர் பாயினெம் அம்மா. சுகெங் அவரிடம் ஆறு வருடமாகக் கற்றுக்கொண்டிருந்தான். நாற்பது தாண்டியவன். அந்த வருடம் புகையான் பூச்சி விழுந்து அவன் வயல் கருகிப்போனது. மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மட்டும் நெல் நின்றது.

"இந்த முறை சடங்கு வேண்டாம் அம்மா. எதற்கு நன்றி சொல்வது? செங்கல் சூளையில் ஆள் கேட்கிறார்கள். போய்விடலாம் என்று இருக்கிறேன்."

"போ. நாளைக்குக் கல்யாணத்தை முடித்துவிட்டுப் போ."

"வயலில் ஒன்றும் இல்லையே."

"கல்யாணத்துக்கு இரண்டு பேர் போதும். மற்றவர்கள் சாப்பிட வருகிறவர்கள்."

மறுநாள் பொழுது புலரும்போதே சுகெங் பக்கத்து வயலில் இறங்கினான். அது துகிமினின் வயல். கதிர்கள் கனத்துச் சாய்ந்திருந்தன. அவன் குந்தி உட்கார்ந்து கதிரிடம் மன்னிப்புக் கேட்டான். கத்தியை உள்ளங்கையில் மறைத்தான். முதல் தடவை அறுபடவில்லை. இரண்டு கதிர்களோடு வேகமாக வீட்டுக்குப் போனான்.

அவன் வயல் வரப்பில் ஊர் கூடியபோது துணிப்பொட்டலம் தயாராக இருந்தது. பாயினெம் அம்மா அதைப் பிரித்தார். சுகெங்கின் நெல்லுக்கு, மணி நுனியில் முள்போல் நீளும் மீசை கிடையாது. துகிமினின் நெல்லுக்கு நீளமாக இருக்கும்.

"மணமகளுக்கு மீசை முளைத்திருக்கிறதே, சுகெங்."

கூட்டம் சிரித்தது. சுகெங் தலை நிமிரவில்லை.

அவர் அந்தக் கதிர்களைத் துகிமினிடம் எடுத்துப்போனார்.

"உங்கள் வீட்டுப் பெண் வழி தவறி வந்துவிட்டாள்."

துகிமின் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "சாப்பிடாமல் அனுப்புகிறீர்களே," என்றார்.

பாயினெம் அம்மா சுகெங்கின் வயல் மூலைக்குப் போய், மிச்சமிருந்த நெல்லில் இரண்டு கதிர்களை அறுத்து சுகெங்கின் கையில் வைத்தார்.

"இதில் பாதி பதர் அம்மா. இதற்கா நன்றி?"

"பூச்சி விழுந்தபோது நீ எங்கே இருந்தாய்?"

"வீட்டில். பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு வாரம் இந்தப் பக்கமே வரவில்லை."

"இது எங்கே இருந்தது?"

சுகெங் கதிரைப் பார்த்தான்.

"இங்கேதான்."

"அதற்குச் சொல்."

அவன் கதிர்களைக் கட்டித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான். சூளைக்குப் போகவில்லை. அடுத்த பருவத்தில் துகிமின் விதைநெல் கொடுத்தார். மீசை வைத்த நெல். அதில் தன் வயலின் பதரடித்த கதிரில் மிஞ்சியிருந்த மணிகளைக் கலந்து சுகெங் விதைத்தான். பாயினெம் அம்மா காலமான பிறகு ஊரின் நெல் கல்யாணங்களை அவன்தான் நடத்திவைக்கிறான்.

கதை இவ்வளவுதான். அன்று விடியலில் வயலில் என்ன செய்தான் என்பதைச் சுகெங் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று துகிமின் ஒருமுறை சொன்னார். அங்கேதான் எனக்கு இடித்தது. யாரிடமும் சொல்லாதது இவருக்கு எப்படித் தெரியும்? மன்னிப்புக் கேட்டதும், முதல் தடவை அறுபடாததும்? இட்டுக்கட்டியிருக்கிறார் என்றே முடிவு செய்தேன். பதினொரு வருடம் அப்படியே இருந்தேன்.

போன அறுவடைக்குப் போயிருந்தேன். சுகெங் சடங்கை முடித்ததும், கூம்பாகக் குவித்த விருந்துச் சோற்றின் உச்சியை எடுத்து முதலில் துகிமினின் இலையில் வைத்தான். துகிமின் அதில் பாதியை என் இலைக்குத் தள்ளினார். சாப்பிட்டேன். பிறகு கேட்டேன்.

"அன்று காலையில் அவன் அறுத்தபோது, நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"இங்கேதான்," என்றார் துகிமின், தன் வயல் வரப்பைக் காட்டி.